அறைக்காரி வீட்டுக் கதவு

கொல்லம் 1103, மாசி 7, ஞாயிறு

வெயில். காலையிலேயே தாங்கவில்லை. சைக்கிள் பின்சக்கரம் மறுபடி காற்று இறங்கிவிட்டது. ஒட்டுப் போட்டவன் திருடன்.

பாகப்பிரிவினை முடிந்தது. எனக்கு விழுந்தது மேலப்பத்து வீடு. அதாவது பேய் வீடு. 'அறைக்காரி வீடு' என்றால்தான் ஊருக்குப் புரியும். பெரியம்மை மகன் மாதேவன் அண்ணனுக்கு இந்தக் குடும்ப வீடு, குளத்தடி வயல், தென்னந்தோப்பு. அவனுக்கு வாயெல்லாம் பல்.

"தம்பிக்குப் பேயின்னா பயமில்லல்லா? ஊரு ஊராப் போயி பேயைத் தேடுகவன். இனி வீட்டுலயே ஒண்ணு கெடக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மை மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னோடு வரவும் மாட்டாளாம். பெற்ற மகனை விட்டுவிட்டு அக்காள் மகனோடு இங்கேயே இருப்பாளாம். இருக்கட்டும்.

சித்திரை பிறக்குமுன் நாங்கள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அண்ணன் மகனுக்குக் கல்யாணம், அறை வேண்டுமாம். என் மனைவி பகவதிக்கு வைகாசியில் பிரசவம். போக வேறு இடம் இல்லை.

புதுச் சட்டம் வந்தாயிற்று. இனி தகப்பன் சொத்து மகனுக்கு. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது உடன்பிறந்தாள் மகனுக்கு, என்ற பழைய அநியாயம் ஒழிந்தது. அதற்காகக் கூட்டம் கூட்டமாகப் போய்த் தொண்டை கிழியப் பேசியவன் நான். கடைசியில் எனக்குக் கிடைத்ததோ பெரிய மாமா வீடு. பழைய வழியில் வந்த கடைசிக் குப்பை.

ஒரே ஆறுதல்: வீட்டோடு ஓர் உரிமையும் வருகிறது. பங்குனிக் கொடைத் திருவிழாவில் அறைக்காரிக்கு முதல் குடம் தண்ணீர் எங்கள் குடும்பத்துக் குடம். வருஷம் தவறாமல் அம்மை கையால் போகிறது. நான் கொடைக்குப் போனதில்லை. சின்ன வயதில் அம்மை கூட்டிப் போகவில்லை, பிறகு படிப்பு வந்து புத்தியும் வந்தது. பேயாவது கீயாவது. ஆனாலும் முதல் மரியாதை முதல் மரியாதைதானே, வேறு எந்த வீட்டுக்கும் கிடையாது. ஒரு முழ வரப்புக்கு மல்லுக்கு நிற்கும் அண்ணன் இதை எப்படி விட்டான்? மறந்திருப்பான். ஞாபகப்படுத்தக் கூடாது.

இதுவரை போய்ப் பார்த்த பேய்கள்:

பேச்சிப்பாறை. அணை கட்டியபோது கூலிக்காரர் தங்கிய கொட்டகை, இப்போது காடு. செத்தவர்கள் கல் இழுக்கும் சத்தம் கேட்குமாம். மூங்கில் உரசுகிறது. அவ்வளவுதான்.

மணவாளக்குறிச்சி பக்கம் மணல் மேட்டில் பாழடைந்த சுங்கச் சாவடி. வெள்ளைக்காரப் பேய். போய்ப் பார்த்தால் வெள்ளைக் கழுதை. கடித்தது.

சுசீந்திரம் போகும் வழியில் இடிந்த சத்திரம். விளக்கு எரியும். சீட்டாட்டக்காரர்கள். என்னைப் பார்த்து, பேய் என்று அவர்கள்தான் ஓடினார்கள்.

மாசி 9, செவ்வாய்

வெயில். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர்: "என்ன ஓய், பேய்க்கும் வீட்டு வரி உண்டா?" வகுப்பறை வாசலில் நின்று, பிள்ளைகள் காது கேட்க. இந்த மனிதனுக்கு வகுத்தல் கணக்கு வராது. வாய் மட்டும் வரும்.

ஆசாரியைப் பார்த்தேன். மேலப்பத்து வீட்டுக்குக் கதவு ஜன்னல் பழுது பார்க்கக் கூப்பிட்டேன். கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டான். "கொடை கழியட்டும். நீரு தண்ணி குடுத்து, அவ வாங்கினா பொறவு வாறேன்." அவனுக்கு உளி பிடிக்கத் தெரிந்து என்ன பிரயோசனம்.

காப்பிக்கடையில் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர்.

"அறைக்காரி வீட்ட வாத்தியான் தலையில கட்டியாச்சாம்."

"வேணும். அவ அவங்க வீட்டுக்காரிதானே."

திரும்பிப் பார்த்தேன். இருவரும் காப்பியை ஆற்றினார்கள். எங்கள் வீட்டுக்காரிதான், தெரியும். பெரிய மாமாவின் மனைவி, செண்பகம். மாமா செத்த துக்கத்தில் தானே நெல் போடும் அறைப்புரைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து உயிரை விட்டாளாம். வீட்டில் அவள் பேச்சே எடுப்பதில்லை. அப்படி ஒருத்தி துக்கத்தில் செத்தால் பேயாக்கிக் கிடா வெட்டுகிற ஊர் இது.

முடி வெட்ட வேண்டும். ப.வுக்கு மாதுளம்பழம்.

மாசி 14, ஞாயிறு

மேலப்பத்து போனேன். மேகமூட்டம், ஆனாலும் புழுக்கம்.

நல்ல வரவேற்பு. கும்பப்பூ நெல் அறுப்பு நடக்கிறது. வரப்பில் நின்ற ஒருவனிடம் வழி கேட்டேன். வீட்டு ஓடு அங்கிருந்தே தெரிகிறது, ஆனாலும் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவன் அரிவாளால் எதிர்த் திசையைக் காட்டினான். கதிர் சுமந்து வந்த பெண்கள் என்னைக் கண்டதும் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நடந்தார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். வெற்றிலை என்று நினைத்துக்கொண்டேன். வாயில் வெற்றிலை இல்லை.

வாசலில் யாரோ உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறார்கள். விலக்கியதில் கை கீறல்.

வீடு மோசமில்லை. அயனி மரத் தூண்கள். முன்கூடம், அதாவது பட்டாசல், நல்ல விசாலம், ஓர் ஓரம் மட்டும் ஓடு சரிந்து மழை குடித்திருக்கிறது. அடுக்களையில் கரையான் புற்று. கிணற்றில் தண்ணீர் உண்டு. ப. நடக்கப் படி அதிகம் இல்லை. பிழைக்கலாம். பிழைத்துக் காட்டுவேன்.

அறைப்புரை: நெல் போட்டு வைக்கும் அறை. அந்தக் காலத்தில் நெல்லைத்தான் கடவுளாக வைத்திருந்தார்கள் போலிருக்கிறது, வீட்டிலேயே கனமான கதவு இதற்குத்தான். ஜன்னல் கிடையாது. மேலே கைப்பிடி அகலத்தில் ஒரு காற்றோட்டம். உச்சிப் பொழுதில் இதற்குள்ளிருந்து யாரோ கடித்துத் தின்னும் சத்தம் கேட்குமாம். மூலையில் பழைய உமி, குவியலாக. எலி. வேறென்ன? எழுதிவைக்கிறேன்: அறைக்காரி = எலி.

இந்த அறையையே படிப்பறை ஆக்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சுவரில் ஒரு ஜன்னல் வெட்டினால் போதும்.

வெளியே, வேப்பமரத்தடியில் அவளுக்கு ஒரு பீடம். செங்கல்லும் சுண்ணாம்பும். முன்னால் மரத்தொட்டில் பொம்மைகள், மண்ணால் செய்த குழந்தைகள், சாயம் போன சின்னப் பட்டுப் பாவாடை. குழந்தை எதற்கு? அவளுக்குக் குழந்தை கிடையாதே.

பூசாரி நல்லபெருமாள் வந்தார். நான் முள்ளை விலக்கியதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கறுத்து, நீண்டு, வெறும் எலும்பு. கும்பிடவில்லை.

"இஞ்ச என்ன செய்யேரு?"

"என் வீட்டைப் பார்க்க வந்தேன்."

"ஒம்ம வீடு." அதைச் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணிக் குடம் இந்த வருசம் ஆரு கொண்டு வாறது?"

"அம்மை காலில் நீர் கோத்திருக்கிறது. நடக்க முடியாது."

"அப்பம் பாகம் வாங்கினவன் கொண்டாரணும். பதிலும் நீருதான் சொல்லணும்."

"என்ன பதில்?"

"குடம் குடுக்கம்போ அவ கேப்பா. 'கதவடைச்சது ஆரு?' நீரு சொல்லணும், 'நீயேதான் தாயே.' அதச் சொன்னாத்தான் தண்ணி வாங்குவா. வாங்கினாத்தான் ஊரு ஒம்மள இஞ்ச இருக்க விடும்."

நாடகம். சரி என்றேன். பேயை நம்பாதவனுக்கு ஒரு வசனம் சொல்வதில் என்ன நஷ்டம்? குழந்தைப் பொம்மை எதற்கு என்று கேட்டேன்.

"அது ஒம்ம குடும்பத்துக்குத் தெரியாததா வாத்தியாரே?"

போய்விட்டார். வேப்பமரத்தடிப் பூசாரிக்கு இருக்கிற திமிர்.

மாசி 16, செவ்வாய்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது.

ப.வை அடுத்த ஞாயிறு வில்வண்டியில் மேலப்பத்துக்குக் கூட்டிப் போய் வீட்டைக் காட்டலாம் என்றேன். அம்மை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். இவ்வளவு வேகமாக அவள் நடந்து பார்த்து மாதங்கள் ஆயின.

"சூலியைக் கொண்டு அங்க போவியா? நீ மனுசனாலே?"

"அங்கே எலிதான் இருக்கிறது."

"எலி! படிச்ச எலி ஒண்ணு இஞ்சயும் நிக்கி."

"சித்திரைக்கு எங்கே போவது? நடுத்தெருவிலா?"

"தெருவுல கெட. தெருவுல பெறட்டும். அங்க வேண்டாம்."

மாதேவன் அண்ணன் கேட்டுக்கொண்டே பல் குத்தினான். ப. அம்மை கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். இவள் பேசாதபோதுதான் எனக்குப் பயம்.

மாசி 21, ஞாயிறு

வெயில் மறுபடி. தனியாகவே மேலப்பத்து போனேன். ஆசாரி வராவிட்டால் என்ன, எனக்குக் கை இல்லையா? முழக்கோல், சுத்தியல், ஆணி எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு. வாசலில் மறுபடி முள். மறுபடி விலக்கினேன்.

படிப்பறைக்கு உள்ளே தாழ் வேண்டும். எவனாவது வந்து தொந்தரவு செய்வான். பழைய தாழ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அறைப்புரைக் கதவை உட்பக்கமாகச் சாத்தினேன்.

தாழ் இல்லை.

துருப்பிடித்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். தாழ் இருந்த ஆணிப் பொத்தல் இருக்க வேண்டுமே. இல்லை. பலகை முழுசாக இருக்கிறது. நிலையிலும் தாழ் போய் விழும் குழி இல்லை. தடவித் தடவிப் பார்த்தேன். விரலில் சிராய்.

வெளிப்பக்கம் கொண்டி. கட்டை விரல் கனம். அது மாட்டும் வளையமும் அப்படியே கல் மாதிரி நிற்கிறது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டு அறைப்புரைக்கும் உள்தாழ் கிடையாது. எந்த வீட்டுக்கும் கிடையாது. நெல்லா உள்ளேயிருந்து தாழ் போடும்? வெளியிலிருந்து அடைக்கிற கதவு. நாஞ்சில் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு அவள் எப்படித் 'தானே' அடைத்துக்கொண்டாள்?

இந்தக் கதையைப் பிறந்தது முதல் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் தோன்றவில்லை. கழுதைப் பேயைக் கண்டுபிடிக்க மணவாளக்குறிச்சி வரை சைக்கிள் மிதித்திருக்கிறேன்.

கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தேன். ஆணி, சுத்தியல் அங்கேயே மறந்துபோயிற்று.

மாசி 23, செவ்வாய்

ஜுரம் மாதிரி. பள்ளிக்கூடம் போகவில்லை. கஷாயம், கசப்பு.

படுத்துக்கிடந்து யோசித்தேன். கொடைகள். நான் விசாரித்த பேய்களில் எத்தனையோ பேர் அநியாயமாகச் செத்தவர்கள். கீழத்தெருவில் வெட்டுப்பட்ட வண்டிக்காரனுக்குக் கிடா கொடுப்பது யார்? வெட்டினவன் வீட்டார். குளத்தில் தள்ளப்பட்ட பெண்ணுக்குச் சேலை வைப்பது? தள்ளினவன் பேரன்மார். அடித்தவன் வம்சம்தான் படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வம்சம் விளங்காது. இது இங்கே வழமை. நானே இதை எழுதி, பக்கத்தில் 'மூடர்கள்' என்றும் எழுதியிருக்கிறேன்.

முதல் குடம் எங்கள் குடம்.

மரியாதை என்று நினைத்தேன். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்கூட. ஹெட்மாஸ்டர் அப்போது இருமினார். இப்போதுதான் அந்த இருமல் புரிகிறது.

அண்ணன் மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டான். நாய்ப்பயல்.

மாசி 28, ஞாயிறு

மதியம். அண்ணன் வீட்டார் எல்லாரும் நிச்சயதாம்பூலத்துக்குப் போய்விட்டார்கள். அம்மை பட்டாசலில் காலை நீட்டி வெந்நீர்த் துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் நேராகவே கேட்டேன்.

"மேலப்பத்து அறைப்புரைக்கு உள்தாழ் கிடையாது அம்மை. செண்பக மாமியைப் பூட்டினது யார்?"

துணியைப் பிழிந்தாள். மறுபடி முக்கினாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"பூட்டல்ல," என்றாள். "கொண்டியத்தான் மாட்டினேன்."

பிறகு அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. சொன்னபடியே எழுதுகிறேன்.

"அண்ணனுக்குப் பதினாறு கழிஞ்சு அவளைப் பொறந்த வீட்டுக்குப் போகச் சொன்னோம். வழமைதானே? பெண்டாட்டிக்கு நம்ம வீட்டுல என்ன இருக்கு? பிள்ளை இருந்தா உகந்துடைமைன்னு ஒரு பங்கு, அதத் தூக்கிக்கிட்டுப் போவணும். அவ சூலி. வயித்துல இருக்கதுக்குப் பங்கு தந்தாத்தான் இறங்குவேன்னா. ஒஞ் சின்ன மாமன், அது அண்ணன் பிள்ளையில்ல, படுக்கையில கெடந்தவருக்கு ஏது பிள்ளைன்னு சொல்லிட்டான். அவ என்ன செய்தா, அறைப்புரைக்குள்ள போயி நெல்லு மேல ஏறி உக்காந்துட்டா. அன்னைக்கி நெல்லளக்க ஆளு வந்து நிக்கி. இவ அளக்க விடமாட்டேங்கா. தம்பி சொன்னான், அக்கா கொண்டியப் போடு, வயிறு காஞ்சா தானே இறங்குவா."

"நீ போட்டாய்."

"போட்டேன்."

"பிறகு?"

"தண்ணி கேட்டா. செம்புல கொண்டு போனேன். தம்பி வேண்டாம்னுட்டான். பொறவு சுசீந்திரத்துத் தேருக்கு எல்லாரும் போனோம். அந்தத் தடவ தேரு நிலைக்கு வர நாலஞ்சு நாளு பிந்திப்போச்சு."

தேர் பார்த்தார்கள். வளையல் வாங்கியிருப்பார்கள். பொரி கடலை தின்றிருப்பார்கள்.

"அறை மூலையில உமி கெடக்கா?" என்றாள் அம்மை.

"எலி."

"எலியில்லலே. நகத்தால நெல்ல உரிச்சுத் தின்னிருக்கா. அந்த நெல்ல பொறவு ஆரும் தொடல்ல. வீட்டையும் விட்டு இஞ்ச வந்து இந்த வீட்டக் கட்டினோம்."

ஏன் சொல்லவில்லை இத்தனை வருஷம் என்று கத்தினேன். கொலைகாரி என்றும் சொன்னேன். சொன்னேன். அம்மை என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"எனக்கும் அவளுக்கும் ஒரே மாசம். நீ வயித்துல கெடந்த. அவளுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்து பங்கு எடுத்துட்டுப் போனா ஒனக்கு என்னலே மிஞ்சும்? ஒனக்குத்தான் போட்டேன். இப்பம் வந்து கேக்கான்."

நடை வாசலில் நிழல். ப. நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எல்லாம்.

பங்குனி 2, வியாழன்

ப. நாலு நாளாக என்னோடு சாப்பிடவில்லை. பரிமாறுகிறாள், போய்விடுகிறாள். இன்று துணி மடிக்கும்போது:

"இஞ்ச பாருங்க. எங்க அண்ணனுக்கு ஆள் விட்டிருக்கேன். கொடை கழிஞ்ச மறுநா வண்டி வரும். நான் பேறுகாலத்துக்கு எங்க வீட்டுக்குப் போறேன்."

"பேய்க்குப் பயந்தா?"

"பேயின்னா நான் வந்திருப்பேன். பேய் கூடயும் இருந்திருப்பேன். இது பேயில்லல்லா."

அவள் கையிலிருந்த வேட்டியின் மறுமுனையைப் பிடித்தேன். 

மடித்து முடித்துவிட்டு: "கொடையில ஒங்கள்ட்ட கேப்பாவல்லா, கதவடைச்சது ஆருன்னு. உள்ளதச் சொல்லிட்டு வாருங்க. பொறவு எங்க இருந்தாலும் நான் வாறேன். ஓலைப்புரைன்னாலும் சரி."

சொல்வேன் என்றேன். சத்தியம் கேட்டாள். செய்தேன். தலையில் அடித்து இல்லை, வெறும் வாயால். ஆனாலும் செய்தேன்.

எண்ணெய் தீர்ந்தது. உப்பும்.

பங்குனி 7, செவ்வாய்

இன்னும் ஒரு வாரம். வெயில் கொல்கிறது.

என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறேன். வகுப்பில், சைக்கிளில், கக்கூஸில். 'கதவை அடைத்தது என் குடும்பம். உள்ளே தாழ் கிடையாது, வந்து பாருங்கள்.' நல்ல வசனம். மேலப்பத்துச் சனங்கள் வாய் பிளந்து நிற்பதை நினைத்தால் ஒரு சந்தோஷம்கூட வருகிறது. பேய்க்கதை ஒன்றை இதைவிட முழுசாக உடைக்க முடியுமா?

அண்ணன் கேட்டான்: "கொடைக்குப் போவியா தம்பி?" போவேன் என்றேன். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வா. அம்மைக்கு வயசாச்சு." அவனுக்கும் தெரியும். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அடுக்களைப் பூனைக்கும் தெரிந்திருக்கும்.

பங்குனி 14, செவ்வாய்

கொடை. உச்சிக்கொடைதான் அவளுக்கு. அவள் கிடந்த அறையைத் திறந்து பார்த்தது உச்சிப் பொழுதாம்.

அம்மை வருவேன் என்று அடம். வில்வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன். இறங்கவில்லை, வண்டிக்குள்ளேயே, திரையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு. புதுக் குடத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என் மடியில். பள்ளம் மேடு எல்லாம் வேட்டியில் சிந்தியது.

நல்ல கூட்டம். முள் இல்லை இன்றைக்கு. கோலம் போட்டிருக்கிறார்கள். வில்லுப்பாட்டு நடக்கிறது. குடமும் உடுக்கும் காதைப் பிளந்தன. பாட்டில் செண்பகம் புருஷனை நினைத்து அழுகிறாள், தானே எழுந்து போய், தானே கதவைச் சாத்தி, தானே தாழைப் போடுகிறாள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

பூசாரியை வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனேன். உடம்பெல்லாம் மஞ்சள், இடுப்பில் சாமியாடிகள் கட்டும் சல்லடம்.

"பாட்டு பொய். அறைக்குத் தாழே கிடையாது. நான் கண்ணால் பார்த்தேன். வெளியே கொண்டி."

அவர் சல்லடத்தை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"எங்களுக்குக் கண்ணில்லையா வாத்தியாரே? அந்தக் கொண்டிய மாட்டினப்ப நெல்லளக்க வந்து நின்னது எங்கப்பன். இஞ்ச ஆருக்குத் தெரியாது? அறுக்க வாறவளுக்குத் தெரியும், துப்பினாள்லா, அவளுக்கும் தெரியும்."

"பிறகு ஏன் இப்படிப் பாடுகிறீர்கள்?"

"வயலு ஒங்களுக்குள்ளது. நாங்க குடியிருக்கது ஒங்க மண்ணு. ஒங்க சின்ன மாமன் பாட்டுக்காரன வச்சுப் பாட்டுக் கட்டினாரு, பாடுகோம். ஆனா கேள்விய நாங்க வச்சோம். வருசா வருசம் ஒங்க வீட்டாள நிறுத்திக் கேப்போம். என்னைக்காவது ஒருத்தர் உள்ளதச் சொல்லட்டும்னு."

கொம்பு ஊதிவிட்டார்கள். அவர் ஓடினார். என் ஒத்திகை எல்லாம் அந்த மரத்தடியில் விழுந்தது. உடைக்க ஒன்றும் இல்லை. நான் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை.

பீடத்து முன்னால் நிறுத்தினார்கள். நல்லபெருமாளுக்கு அருள் வந்துவிட்டது. வந்ததோ, வரவழைத்தாரோ. கண் மேலே செருகி, நாக்கு வறண்டு, தண்ணி தண்ணி என்று. என் கையில் குடம். கொட்டு நின்றது. குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை.

"கதவடைச்சது ஆரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயம் இல்லை ஒரு முகத்திலும். காத்திருந்தார்கள், அவ்வளவுதான். கடைக்கண்ணில் வண்டித் திரை. அம்மையின் கை திரையைப் பிடித்திருந்தது. வளையல் இல்லாத, தடித்த கை. அந்தக் கைதான்.

"கதவடைச்சது ஆரு?"

பகவதி நினைவு வந்தது. வைகாசி நினைவு வந்தது. சித்திரைக்கு எங்கே போவது என்றும் வந்தது. இந்தச் சனங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, தெரிந்துகொண்டே கேட்கிறார்களே என்று. மூன்றாம் முறை கேட்குமுன்னே சொல்லிவிட்டேன்.

"நீயேதான் தாயே."

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். பூசாரி குடத்தை வாங்கி முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குடித்தார். பாதி மண்ணில். கொட்டு மறுபடி ஆரம்பித்தது. சாமி மலையேறிய பிறகு நல்லபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். இனி வீடு உமக்கு, யாரும் முள் போட மாட்டோம் என்றார். போகிற போக்கில், "குடும்பத்துப் பிள்ளதான்" என்றார்.

வண்டியில் அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விடுவித்துக்கொள்ளவில்லை.

ப. நடையில் நின்றாள். "கேட்டாவளா?" கேட்டார்கள் என்றேன்.  என் முகத்தில் என்ன இருந்ததோ. போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

பங்குனி 15, புதன்

தூறல். ப.வின் அண்ணன் வண்டி விடிந்ததும் வந்தது. அவள் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் வாங்கிக் கொடுத்த மாதுளம்பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் அரை நாள். ஹெட்மாஸ்டர் கை கொடுத்தார்.

ஆசாரி தானாகவே வந்தான், உளிப்பையோடு. நாளைக்கே மேலப்பத்தில் வேலை தொடங்குகிறானாம். ஓடு, ஜன்னல், அடுக்களைக் கதவு எல்லாம் சொன்னேன். அறைப்புரைக்கு என்ன செய்ய என்று கேட்டான்.

படிப்பறை என்றேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ் வேண்டும். புது இரும்பு வேண்டாம், பழைய வீடு இடித்த இடத்தில் துருப்பிடித்ததாகக் கிடைத்தால் அது போதும் என்றேன்.